சித்தப்பாவோட சான்ட்ரோவும் பச்சை ஸ்க்ரப்பரும்



போன வாரம் ஒரு செகண்ட் இயர் தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணா, எங்க வீட்டு காரை ஞாயித்துக்கிழமை தவறாம நான்தான் கழுவுறேன். ஆனா வாங்கினப்ப இருந்த பளபளப்பு வாரத்துக்கு வாரம் கொறைஞ்சுக்கிட்டே போகுது. ஏன்?"

தம்பி, பதில் உங்க கேள்வியிலேயே இருக்கு. நீங்க கழுவுறதாலதான்!

கோச்சுக்காதீங்க. இதைச் சொல்ற தகுதி எனக்கு எப்படி வந்ததுன்னு கேளுங்க.

2008. நானும் செகண்ட் இயர். காஞ்சிபுரத்துல எங்க சித்தப்பா ஒரு செகண்ட் ஹேண்ட் சான்ட்ரோ வெச்சிருந்தார். சில்வர் கலர். புடவைகளை வெள்ளை வேட்டித் துணியில மூட்டையா கட்டி, பின் சீட்டுல போட்டுக்கிட்டு சென்னையில கடை கடையா ஏறி இறங்குவார். கடைக்காரன் முதல்ல காரைத்தான் பார்ப்பான், அப்புறம்தான் புடவையைப் பார்ப்பான்னு சொல்வார். அதனால கார் எப்பவும் கண்ணாடி மாதிரி இருக்கணும்.

சான்ட்ரோன்னா எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு பாசம். எங்க மாவட்டத்துப் பிள்ளை இல்லையா! ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில 1996-ல ஹூண்டாய் வந்துச்சு. 1998 செப்டம்பர்ல முதல் சான்ட்ரோ மார்க்கெட்டுக்கு வந்துச்சு. தறியை விட்டுட்டு அந்தப் பக்கம் வேலைக்குப் போனவங்க எங்க தெருவுலயே உண்டு. 2014-ல சான்ட்ரோவை நிறுத்தி, 2018-ல திரும்பக் கொண்டு வந்து, 2022-ல மறுபடி நிறுத்திட்டாங்க. ஆனாலும் சின்ன காஞ்சிபுரம் சந்துகள்ல இன்னைக்கும் பழைய சான்ட்ரோக்கள் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

சரி, கதைக்கு வருவோம். ஒரு நாள் மத்தியானம். வேப்ப மரத்தடியில நின்ன கார் பானெட்ல காக்கா தன் வேலையைக் காட்டியிருந்துச்சு. வெயில்ல காய்ஞ்சு சிமென்ட் மாதிரி ஒட்டியிருக்கு. சித்தப்பா தூங்குறார். எழுந்து வரும்போது சர்ப்ரைஸ் கொடுக்கலாமேன்னு ஹீரோ மாதிரி கிளம்பினேன். சித்தி பாத்திரம் தேய்க்கிற சோப்பு, பச்சை ஸ்க்ரப்பர், ஒரு பக்கெட் போர் தண்ணி. பரபரன்னு தேய்ச்சேன். அழுக்கு போச்சு. அந்த சந்தோஷத்துல பானெட் முழுக்க, கதவு முழுக்க தேய்ச்சுட்டேன். காய்ஞ்சதும் பார்த்தா, சிலந்தி வலை பின்னின மாதிரி வட்ட வட்டமா கோடு!

சித்தப்பா வந்தார். பார்த்தார். ஒரு வார்த்தை பேசலை. துண்டால ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு உள்ள போயிட்டார். சித்திதான் கேட்டாங்க. "ஏன்டா, காஞ்சிபுரத்துப் பையன்தானே நீ? பட்டுப் புடவையை ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்ப்பியா?"

அடுத்த வருஷம் தங்கச்சிக்கு இன்ஜினீயரிங் அட்மிஷன். பணம் பத்தலைன்னு சித்தப்பா காரை வித்தார். வாங்க வந்தவர் இன்ஜின் சத்தத்தைக் கூட அப்புறம்தான் கேட்டார். முதல்ல பானெட்டை வெயில்ல சாய்வா குனிஞ்சு பார்த்தார். விரலால தடவினார். "பெயின்ட் போயிடுச்சே"ன்னு சொல்லி எட்டாயிரம் ரூபாய் கொறைச்சார். அந்த எட்டாயிரத்துக்கு சித்தப்பா எங்கேயோ கைமாத்து வாங்கினது எனக்குத் தெரியும். அந்த லீவுல ஹைவே ஓரம் ஒரு வாட்டர் வாஷ் ஷெட்டுல வேலைக்குச் சேர்ந்தேன். இனிமே சொல்லப் போறதெல்லாம் அங்கே கை வலிக்கக் கத்துக்கிட்டது.

முதல்ல ஒரு விஷயம். கார் பெயின்ட்டுன்னா ஒரே ஒரு கோட்டிங் இல்லை. தகரத்து மேல துரு பிடிக்காம இருக்க ஒரு அடுக்கு. அதுக்கு மேல ப்ரைமர். அதுக்கு மேலதான் கலர். எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத வார்னிஷ் மாதிரி ஒரு அடுக்கு, அதுக்குப் பேர் கிளியர் கோட். நாம 'பளபளப்பு'ன்னு சொல்றது இந்த மேல் அடுக்கைத்தான். வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர்கிட்ட இருந்து கலரைக் காப்பாத்துறதும் இதுதான். எல்லா அடுக்கும் சேர்ந்தே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான். அதுல கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். உங்க தலைமுடி ஒண்ணை எடுத்துப் பாருங்க, பெரும்பாலும் அதை விட மெல்லிசு. அந்த மெல்லிசுக்கு மேலதான் நான் பச்சை ஸ்க்ரப்பரை ஓட்டினேன்!

(பழைய காலத்து வெள்ளை, சிவப்பு கார்கள் சிலதுல கிளியர் கோட்டே கிடையாது. வெள்ளைத் துணியில கொஞ்சம் பாலிஷ் தொட்டு மறைவான இடத்துல தேய்ச்சுப் பாருங்க. துணியில கார் கலர் ஒட்டுச்சுன்னா அந்த ரகம். அதுக்கு இன்னும் மென்மையான கை வேணும்.)

காக்கா எச்சம் ஏன் இவ்வளவு வில்லன்? அதுல வெள்ளையா இருக்கிறது யூரிக் அமிலம். ஆனா அமிலம் மட்டும் காரணம் இல்லை. வெயில்ல பெயின்ட் இளகி லேசா விரியும். சாயங்காலம் குளிர்ந்து இறுகும்போது, மேல காய்ஞ்சு கிடக்கிற எச்சத்தோட அச்சுலயே இறுகிடும். அதான் கழுவின பிறகும் அந்த இடம் மங்கலா தெரியுது. அதனால பார்த்த உடனே எடுக்கணும். எடுக்கிறதுன்னா சுரண்டுறது இல்லைங்க! ஈரத்துணியை அது மேல அஞ்சு, பத்து நிமிஷம் போட்டு வையுங்க. ஊறினதும் ஒத்தி எடுங்க. அவ்வளவுதான். அன்னைக்கு எனக்கு இந்த ஒரு விஷயம் தெரிஞ்சிருந்தா...

அப்புறம் இந்தப் பாத்திரம் தேய்க்கிற சோப்பு. ஒரு தடவை போட்டா பெயின்ட் கரைஞ்சு ஓடிடாது, பயப்படாதீங்க. ஆனா எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பண்ணின சோப்பு அது. கார் மேல இருக்கிற வேக்ஸையும் பிசுக்குன்னு நினைச்சு வழிச்சு எடுத்துடும். கார் ஷாம்பூன்னு தனியா விக்கிறதை ஒரு மூடி வாங்கி ஊத்தினா ஒரு பக்கெட்டுக்குப் போதும். சித்தி சொன்னதுதான் இங்கேயும். பட்டுக்கு காட்டமான டிடர்ஜென்ட் போடுவோமா?

இப்போ தம்பியோட கேள்விக்கு வருவோம். கோடு எங்கேருந்து வருது? தண்ணியில இருந்தோ சோப்புல இருந்தோ இல்லை. மண்ணுல இருந்து! காய்ஞ்ச காரைத் துணியால துடைக்கிறோமே, அந்தத் துணி ஒவ்வொரு மண் துகளையும் பெயின்ட் மேல இழுத்துக்கிட்டுப் போகுது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். 2019-ல அத்தி வரதர் தரிசனம் நடந்த அந்த 48 நாள் ஞாபகம் இருக்கா? ஊருக்கு வெளியே மண் தரையில வரிசை வரிசையா கார். தரிசனம் முடிஞ்சு வந்தவங்க, தோள்ல கிடந்த துண்டை எடுத்து ஒரே இழுப்பா தூசியைத் துடைச்சதை நின்னு பார்த்தேன். எனக்கு உடம்பே கூசிப் போச்சு. வரதரைப் பார்த்த புண்ணியம், காருக்கு மட்டும் கிடைக்கலை!

ஷெட்டுல முதலாளி முதல் நாளே சொன்னது, "மொதல்ல தண்ணி, அப்புறம் கை." வெறும் தண்ணி ஊத்தி தூசியை இறக்கிடணும். அதுக்கப்புறம் ரெண்டு பக்கெட். ஒண்ணுல ஷாம்பூ தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி. துணியை ஷாம்பூல நனைச்சு ஒரு கதவு துடைச்சதும், வெறும் தண்ணியில அலசி மண்ணை அங்கே விட்டுட்டு, மறுபடி ஷாம்பூவுக்குப் போகணும். ஒரே பக்கெட்டுன்னா கார்ல எடுத்த மண்ணைத் திரும்பக் கார்லயே பூசுறோம். மேல இருந்து கீழ. ரூஃப் முதல்ல, சக்கரம் கடைசியில, சக்கரத்துக்கு வேற துணி. வட்ட வட்டமா தேய்க்காம நேர் கோடா. துணி மைக்ரோ ஃபைபரா இருந்தா உத்தமம். தப்பித்தவறி கீழ விழுந்துடுச்சா? அந்தத் துணிக்கு அன்னைக்கு லீவு.

இதுல பெரும்பாலானவங்க கோட்டை விடுறது கடைசி ஸ்டெப்புல. கழுவிட்டு வெயில்ல காயட்டும்னு விட்டுடுறாங்க. நம்ம ஊர் போர் தண்ணி உப்புத் தண்ணி. தண்ணி ஆவியாகும், அதுல இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் காருலயே தங்கிடும். பாத்ரூம் பக்கெட்ல படியற வெள்ளைப் படிவம் இருக்கே, அதேதான். அதனால காலையில, நிழல்ல, பானெட் சூடு இல்லாதப்போ கழுவுங்க. தானா காயறதுக்குள்ள ஒத்தி எடுத்துடுங்க.

ஹோஸ் பைப்பைத் திறந்து விட்டுட்டு செல்போன்ல கடலை போடற பார்ட்டிகளுக்கு ஒரு வார்த்தை. முழுசா திறந்த பைப்புல நிமிஷத்துக்கு பத்து லிட்டருக்கு மேலேயே ஓடும். 2019 கோடையில நம்ம மாவட்டத்து செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்ததைப் பார்த்தவங்கதானே நாம? 2024 மார்ச்ல பெங்களூருல குடிதண்ணியில கார் கழுவினா 5,000 ரூபாய் ஃபைன்னு போட்டாங்க. ரெண்டு, மூணு பக்கெட்ல ஒரு சின்ன காரை அழகா கழுவி முடிக்கலாம். நான் கேரண்டி.

இனி வேக்ஸ். பாலிஷும் வேக்ஸும் ஒண்ணுன்னு நினைக்கிறவங்க நிறைய. ரெண்டும் நேர் எதிர். பாலிஷ் தேய்ச்சு எடுக்கிற சமாச்சாரம். கோட்டை மறைக்க, கோட்டைச் சுத்தி இருக்கிற கிளியர் கோட்டையே கொஞ்சம் சீவி மட்டம் பண்ணுது. மாசாமாசம் பாலிஷ் போட்டா ஒரு நாள் சீவறதுக்கு ஒண்ணும் இருக்காது. நகத்தை கோட்டுக்குக் குறுக்கே ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டுச்சுன்னா பாலிஷ்ல போகாது, பெயின்ட்டர்கிட்டதான் போகணும்.

வேக்ஸ் மேல சேர்க்கிறது. நம்ம ஊர் பாஷையில சொன்னா, பாவுக்குக் கஞ்சி போடற மாதிரி. விடியக்காலையில தெருவுல பாவை நீட்டிக் கட்டி கஞ்சி போடறதைப் பார்த்திருப்பீங்க. தறியில உரசுற உரசல்ல இழை அறுந்துடக்கூடாதுன்னு, இழைக்குப் பதிலா அடி வாங்கறதுக்கு அந்தக் கஞ்சி. வேக்ஸும் அப்படித்தான். எச்சம், உப்புத் தண்ணி, மரத்துப் பிசின் எல்லாத்துக்கும் முதல் அடியை அது வாங்கிக்கும். தேய்ஞ்சதும் மறுபடி போட்டுக்கலாம். கிளியர் கோட்டை அப்படிப் போட முடியாது.

நல்ல வேக்ஸ்ல 'கார்னோபா'ன்னு ஒரு பேர் பார்த்திருப்பீங்க. பிரேசில் நாட்டு வடகிழக்குப் பக்கம், வறண்ட பூமியில வளர்ற ஒரு வகை பனை. தண்ணி ஆவியாகிடக் கூடாதுன்னு தன் ஓலை மேல தானே பூசிக்கிற மெழுகுதான் அது. 80 டிகிரிக்கு மேலதான் உருகும். அதனாலதான் மே மாச பானெட் சூட்டுலயும் தாக்குப் பிடிக்குது. இன்னொரு கொசுறு: நீங்க சாப்பிடற மிட்டாய், மாத்திரை சிலதுல பளபளப்புக்குப் போடறதும் இதே மெழுகுதான்!

போடறது ஈஸி. கழுவிக் காய்ஞ்ச கார், நிழல், ஸ்பாஞ்சுல துளியூண்டு. கொஞ்சம் இடமா மெல்லிசா தடவி, வெள்ளையா பூத்ததும் சுத்தமான துணியால எடுத்துடணும். அதிகமா அப்பினா அதிகமா பளபளக்காது, துடைக்கிற கைதான் வலிக்கும். கறுப்பு பிளாஸ்டிக் பம்பர்ல பட்டுச்சுன்னா வெள்ளைத் திட்டு விழும், ஜாக்கிரதை. எத்தனை நாள் தாங்கும்? டப்பாவுல என்ன போட்டிருந்தாலும் நம்பாதீங்க. தண்ணி தெளிச்சுப் பாருங்க. தாமரை இலையில மாதிரி முத்து முத்தா நின்னா வேக்ஸ் இருக்கு. படர்ந்து தேங்கினா போயிடுச்சு. வெயில்லயே நிக்கிற காருன்னா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை போட வேண்டி வரலாம்.

செராமிக் கோட்டிங்? கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவை வெச்சுப் பண்றது. வேக்ஸை விட ரொம்ப நாள் தாங்கும், நிஜம். ஆனா 'ஸ்க்ராட்சே விழாது'ன்னு சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. புது காருன்னா யோசிக்கலாம். பத்து வருஷ காருக்கு அந்தக் காசு வேஸ்ட்டுங்கிறது என் கருத்து.

டீசல் தொட்டுத் துடைச்சா மின்னும்னு ஸ்டாண்டுல யாராவது சொல்வாங்க. மின்னும், சாயங்காலம் வரைக்கும்! அதுக்குள்ள இருந்த வேக்ஸையும் கரைச்சுட்டு, ஊர் தூசியெல்லாம் இழுத்து ஒட்டிக்கும். கண்ணாடி ஓர ரப்பருக்கும் ஆகாது.

ஆயுத பூஜை அன்னைக்கு பானெட்ல சந்தனத்தைக் குழைச்சு மூணு பட்டை போட்டு, நடுவுல குங்குமம் வைக்கிறோமே... சாமி கோச்சுக்காது, பொட்டைக் கண்ணாடியில வையுங்க. காய்ஞ்ச சந்தனம் மண் மாதிரிதான், தேய்ச்சா கோடு போடும். குங்குமத்துல மஞ்சள் இருக்கு, வெளிர் கலர் காருல ஊறினா கறை நிக்கும். பானெட்லதான் வைப்பேன்னு பாட்டி அடம் பிடிச்சா, மறுநாள் தண்ணி ஊத்தி ஊற வெச்சுக் கழுவுங்க.

அந்த லீவுல ஷெட்டுல சம்பாதிச்சது எட்டாயிரம் வரலை. நாலாயிரத்து சொச்சம்தான். சித்தப்பாகிட்ட கொடுத்தேன். எண்ணிப் பார்க்காம சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். பல வருஷம் கழிச்சு மறுபடி ஒரு கார் வாங்கினார், அதுவும் செகண்ட் ஹேண்ட்தான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ சாவியை நீட்டி, "டேய், நாளைக்குக் காலையில நீயே கழுவு"ன்னார். பதினாறு, பதினேழு வருஷம் கழிச்சு!

விடியக்காலையில ரெண்டு பக்கெட்டோட வாசலுக்குப் போனேன். சித்தப்பா எனக்கு முன்னாடியே எழுந்து, திண்ணையில பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் ரூஃப்ல தண்ணி ஊத்தி முடிக்கிற வரைக்கும் ஒரு பக்கம் கூட திருப்பலை. உள்ளே சித்தி குரல்: "ஏங்க, பாத்திரம் தேய்க்கணும்... ஸ்க்ரப்பரை எங்கே ஒளிச்சு வெச்சீங்க?"