பொருந்துவது யார், பொருத்துவது யார்?

சேர்க்கைப் பருவம் தொடங்கிவிட்டது. கூடவே ஒப்பீடுகளும் தொடங்கிவிட்டன. அசோகாவா, அசீம் பிரேம்ஜியா, கிரேயாவா, ஃபிளேமா என்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் கேட்கிறார்கள். வெளிநாடு செல்ல வாய்ப்புள்ளவர்கள் சுவார்த்மோரா, கிரின்னலா, ரீடா என்று கேட்கிறார்கள். மூத்த மாணவர்கள் பொறுமையாக விடை சொல்கிறார்கள். ஓரிடத்தில் படிப்பின் அழுத்தம் அதிகமாம். ஓரிடத்தில் எல்லாரும் குடும்பம் போலப் பழகுவார்களாம். முடிவில் எல்லா விடைகளும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கின்றன: ‘உனக்கு ஃபிட் ஆகுமா என்று பார்.’

சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளைப் பற்றிய பேச்சில் இதைவிடத் தீங்கான சொல் வேறில்லை என்பது என் கருத்து. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால் அதன் தீங்கு குறைந்துவிடாது.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், மொழியியல்காரரின் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். பொருந்துதல் தன்வினை, பொருத்துதல் பிறவினை. முன்னதில் பொருள் தானே சென்று அமைகிறது. பின்னதில் யாரோ ஒருவர் அதை அமைக்கிறார். பெயராக மாறும்போது இரண்டுக்கும் ஒரே வடிவம்தான்: பொருத்தம். ‘வருந்து’ என்னும் தன்வினையும் வருத்தம் என்றாகிறது. ‘திருத்து’ என்னும் பிறவினையும் திருத்தம் என்றாகிறது. வினை செய்தவர் யார் என்ற செய்தி பெயருக்குள் புதைந்துபோகிறது. ‘இம்மாணவருக்கும் நம் வளாகப் பண்பாட்டுக்கும் பொருத்தமில்லை’ என்று ஒரு தேர்வுக்குழு எழுதும்போது நிகழ்வதும் இதுவே. அளந்தவர் யார், அளவுகோலை வடித்தவர் யார் என்பது அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை.

திருமணப் பொருத்தம் பார்ப்பவர்கள்கூட இரண்டு சாதகங்களையும் மேசைமேல் வைக்கிறார்கள். கல்லூரிப் பொருத்தத்தில் விரிக்கப்படுவது ஒரு சாதகம் மட்டுமே.

இந்த அளவுகோலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1922-இல் ஹார்வர்டின் தலைவராக இருந்த லாரன்ஸ் லோவெல், புதுமுக மாணவரில் யூதர்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியதைக் கண்டு அதற்கு வரம்பு கட்ட முனைந்தார். வெளிப்படையான வரம்பு எதிர்ப்பைச் சந்தித்தது. ஆனால் அதே ஆண்டில் விண்ணப்பப் படிவம் இனத்தையும் சமயத்தையும் வினவத் தொடங்கியது. பிறந்த பின் உங்கள் பெயரோ உங்கள் தந்தையின் பெயரோ மாற்றப்பட்டதுண்டா என்றும் வினவியது. 1926 அளவில் ‘குணநலன்’ தேர்வளவையாகி, நிழற்படமும் கேட்கப்பட்டது. அதன்பின் யூத மாணவர்களின் பங்கு சரிந்தது. ஜெரோம் கராபெல் 2005-இல் வெளியிட்ட ‘தி சோசன்’ நூல் இதை ஆவணங்களோடு விரிவாகப் பதிவு செய்கிறது. ஹார்வர்டு சிறிய கல்லூரி அன்று. நோக்கங்களும் இன்று வேறாக இருக்கலாம். ஆயினும் கட்டுரை, நேர்காணல், ‘முழுமையான மதிப்பீடு’ என்று நாம் முற்போக்காகக் கொண்டாடும் முறைக்கு இப்படியொரு பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது என்பதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

இருபது நிமிட நேர்காணலில் ஒருவரின் ஆர்வத்தை அளக்கலாம் என்று வாதிடுவோர் ஓர் ஆய்வை நினைவில் கொள்ளட்டும். ஜான் பாவும் இணையாய்வாளர்களும் 1999-இல் வெளியிட்ட கட்டுரையில், ‘ஹலோ’ என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டே பேசுபவரின் ஆங்கில வழக்கைக் கேட்போர் பெரும்பாலும் சரியாக இனங்கண்டனர். தொலைபேசியில் வாடகை வீடு கேட்டபோது, பேசிய வழக்கைப் பொறுத்தே வீட்டைப் பார்க்க வரலாமா கூடாதா என்ற விடை மாறியதையும் அதே கட்டுரை காட்டியது. அப்படியிருக்க, ‘தெளிவாகப் பேசுகிறார்’ என்று நம் குழுக்கள் எழுதும் குறிப்பில் எவ்வளவு தெளிவு, எவ்வளவு கான்வென்ட் என்று யார் பிரித்துச் சொல்வது?

தன்னைப் பற்றிப் பேசுவதும் கற்ற வழக்கமே. பிறர் தன் திறனை அறியாத இடத்தில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று நன்னூல் பாயிரம் இடங்கொடுக்கிறது. விண்ணப்பக் கட்டுரைக்குப் பவணந்தியார் தடை சொல்லியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த நூற்பாவைப் படித்த பிள்ளையின் வீட்டில் தற்பெருமை பேசினால் அடி விழும். அதே கலையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தரும் ஆலோசகர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள்.

இனி, சிறுமையின் சிறப்பு. இருபது பேர் வட்டமாக அமர்ந்து ஒரு நூலை வரிவரியாக வாசிக்கும் வகுப்பு அருமையானது. அதை நான் மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தித் தள்ளும் இணைப்புப் பல்கலைக்கழக முறையை அதற்கு மாற்றாக நிறுத்தும் எண்ணமும் எனக்கில்லை. ஆனால் பெரிய வளாகத்தில் ஒருவர் கண்ணில் படாமல் வாழலாம். தன் போன்ற நால்வரைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஐந்நூறு பேர் மட்டும் உள்ள உறைவிடக் கல்லூரியில் அந்த நால்வர் இல்லை. வகுப்பில் இருந்த அதே முகங்கள்தாம் உணவுக்கூடத்திலும் விடுதி மாடியிலும். அங்கே பண்பாடு என்பது பெரும்பான்மையின் வீட்டுப் பழக்கம்.

நான் கற்பித்தல் உதவியாளராக இருந்த ஒரு தனியார் நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) வகுப்புப் பங்கேற்புக்கு இருபது விழுக்காடு மதிப்பெண். ஒலியனியல் பயிற்சிகளை அந்த வகுப்பிலேயே மிகத் துல்லியமாகச் செய்த மாணவி வாய் திறக்கமாட்டார். எழுதித் தரட்டுமே என்றேன். ‘பேசுவதுதான் இங்கே கல்ச்சர்’ என்பது பதில். அரையாண்டு முடிவில், இந்த இடம் தனக்கு ஒத்துவரவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டு வெளியேறினார். எனக்கு ஆறாத சினம் இந்த இடத்தில்தான். அவரை வெளியேற்றிய நிறுவனம், வெளியேற்றத்துக்கான காரணத்தையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துவிட்டது.

வேறு வழியே இல்லை என்பவர்கள் கென்டக்கியில் உள்ள பெரீயா கல்லூரியைப் பார்க்கட்டும். 1855-இல் அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் தொடங்கிய சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி அது. கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. மாணவர் ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் வளாகத்தில் வேலை செய்கிறார்கள். வசதி குறைந்த குடும்பத்தினருக்கே அங்கு முதன்மை; வசதி மிகுந்தவர்தாம் அங்கே ‘பொருந்தாதவர்’. அளவுகோலைத் திருப்பி வைக்க முடியும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நம் நாட்டில் இது சட்டத்தின் வினாவும் ஆகும். தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் 15(5) பிரிவு, 93-ஆம் திருத்தத்தின் வழியே அரசமைப்பில் சேர்ந்தது. 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆனால் 2006-இல் நாடாளுமன்றம் இயற்றிய சேர்க்கை இடஒதுக்கீட்டுச் சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களோடு நின்றுவிட்டது. அந்த வெற்றிடத்தில்தான் ‘பொருத்தம்’ குடியேறியிருக்கிறது. கட்டணச் சலுகை தருகிறோமே என்பார்கள். தருகிறார்கள், மறுக்கவில்லை. சலுகை கொடுப்பவர் மனம். ஒதுக்கீடு பெறுபவர் உரிமை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது ஆய்வாளர்களுக்கு அழகல்ல.

இந்த மாதம் வளாகங்களைச் சுற்றிப் பார்க்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு: உங்கள் சாதகத்தை நீட்டுமுன் அவர்களுடையதைக் கேளுங்கள். சென்ற ஆண்டு சேர்ந்தவர்களில் ஆங்கில வழியில் படிக்காதவர் எத்தனை பேர்? அவர்களில் இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர் எத்தனை பேர்? நள்ளிரவில் மனம் உடைந்தால் எந்த மொழியில் அழலாம்? தீபாவளிக்கு மெஸ் மூடினால், ஊருக்குப் போகப் பணமில்லாதவர் எங்கே சாப்பிடுவார்? ‘இங்குள்ள கல்ச்சர் உங்களுக்குப் பிடித்துவிடும்’ என்று விடை வந்தால் அதையும் குறித்துக்கொண்டு, அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.