மஞ்சளுக்கு ஒரு சட்டை

சென்ற வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஆரத்தி சுற்ற வேண்டும். ஒரு மாமி மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பைக் கலந்தார். மறு நிமிஷம் தட்டில் செக்கச் செவேலென்று சிவப்பு! நீங்களும் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்புக்குள் மஞ்சளின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாண வீட்டில் நானும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மஞ்சளின் உயிர் குர்குமின் என்ற வஸ்து. 100 கிராம் மஞ்சள் தூளில் ஏறக்குறைய 3 கிராம் இருக்கும். பிராணவாயு பட்டு மற்றப் பொருள்கள் கெட்டுப் போகாமல் காப்பது இதன் குணம். ஆனால் பிறரைக் காக்கும் இந்தப் புண்ணியவானுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது! வேஷ்டியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் உலர்த்தினால் மங்கிவிடுகிறது அல்லவா? சுண்ணாம்பு கூட வேண்டாம். நம் ரத்தத்தின் அளவே காரத்தன்மையுள்ள உப்புக் கரைசலில், உடம்புச் சூட்டில், அரை மணி நேரத்துக்குள் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துபோவதாக 1997-ல் கண்டார்கள்.

ஆகவே, அதற்கு ஒரு சட்டை போட்டுவிடுகிறார்கள் விஞ்ஞானிகள். கண்ணுக்குத் தெரியாத சிறு உறை. இந்த வித்தை புதிதல்ல. துணி சோப்பு வகைகளில் வாசனை நெடுநேரம் நிற்பதற்காகச் சேர்க்கும் நுண்ணிய உறைகள் அந்த ஜாதிதான். ஆனால் அவற்றில் பல பிளாஸ்டிக். துவைத்த நீர் எங்கே போகிறது? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஊரில் இதை விளக்க வேண்டுமா, என்ன? ஐரோப்பிய யூனியன் 2023-ல் இம்மாதிரி வேண்டுமென்றே சேர்க்கும் நுண் பிளாஸ்டிக்கைத் தடுக்கச் சட்டம் போட்டது. வாசனை உறைகளுக்கு 2029 வரை தவணை.

மண்ணும் நீரும் தின்று தீர்க்கக்கூடிய சட்டைத் துணி நம் மண்டபம் கடற்கரையிலேயே விளைகிறது. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற பசை அது. குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயில் கரைத்து, பசையோடு கடைந்து, கால்ஷியம் உப்பு நீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பூந்திக் கரண்டியிலிருந்து எண்ணெயில் விழும் மாவுபோல் அங்கேயே மணி மணியாக இறுகிவிடும். வயிற்றுப் புளிப்பில் இந்த மணி சுருங்கிக் கிடக்கும். குடலுக்குப் போனதும் ஊதி, உள்ளே இருப்பதை விடும்.

ஒரு குறை: துணி கொஞ்சம் சல்லடை. உள்ளிருப்பது மெல்லக் கசியும். அதற்காக மேலே கைட்டோசான் என்று இன்னொரு பூச்சுப் பூசுகிறார்கள். பந்திக்குப் பிறகு மாமியிடம் இதைச் சொன்னேன்.

"அது எதிலேர்ந்து எடுக்கறா?"

"இறால் ஓட்டிலிருந்து, மாமி."

"ராமா! மஞ்சளுக்கா?"

"காளானிலிருந்தும் எடுக்கிறார்கள்."

"அதுவும் எங்காத்துல கிடையாதே!"

கடைசியில் வேலம் பிசினின் பேரைச் சொல்லித்தான் தப்பித்தேன். கருவேல மரத்தின் உறவுக்கார மரம் தரும் அரபுப் பிசினைக் கரைத்து, குர்குமினோடு கலந்து, சூடான காற்றில் தூவிப் பொடியாக்குவதும் வழக்கத்தில் இருக்கிறது. மாமி அதற்குச் சம்மதித்துவிட்டார்.