போலிக் காவலர்

கள்வனுக்கு அஞ்சிக் கதவடைப்பார் பலர். காவலன் என்று சொல்லி வருவானுக்குக் கதவடைப்பார் சிலர். இவ்வுண்மையை நன்கு அறிந்தவர் இற்றைநாட் கணினிக் கள்வர். கணினியுட் புகுந்து கேடு விளைக்கும் வைரஸ் முதலியவற்றைத் தடுத்தற்கு ஆன்டிவைரஸ் என்னும் காப்புநிரல்கள் உள. அக்காப்புநிரலின் பெயரும் உருவும் பூண்டு, இல்லாத நோயை உண்டென்று கூறி, செய்யாத மருத்துவத்துக்குக் கூலி கொள்ளும் போலிநிரல்களைப் பற்றி ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். பொறியியல் பயில்வார் எழுதற்குரிய பொருளைத் தமிழ் பயிலும் யாம் எடுத்துக்கொண்டது என்னையெனின், இவ்வஞ்சகம் பொறியின் நுட்பத்தால் நிகழ்வதினும் சொல்லின் நுட்பத்தால் நிகழ்வதே மிகுதியாதலின் என்க.

உதகையினின்று கோத்தகிரிக்குச் செல்லும் சாலையில் உள்ள கட்டபெட்டு எமது ஊர். அங்கே சிறு தேயிலைத் தோட்டங்களைக் கொண்டு வாழும் குடும்பங்கள் பல. பிள்ளைகள் கோவைக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றபின், அவர் விட்டுச்சென்ற பழங்கணினி வீட்டில் எஞ்சுகின்றது. பெற்றோர் அதனைக் கொண்டு மக்கள் முகம் காண்கின்றனர், மின்கட்டணம் செலுத்துகின்றனர், வங்கிக் கணக்குப் பார்க்கின்றனர். ஒருநாள் திரை முழுதும் சிவந்து, அபாய மணி ஒலித்து, "உங்கள் கணினி பூட்டப்பட்டது, உடனே இவ்வெண்ணுக்குப் பேசுக" என்று எழுத்துக்கள் தோன்றின், தனித்திருக்கும் முதியவர் யாது செய்வர்? எம்மூர்ப் பெரியவர் ஒருவர் அவ்வெண்ணுக்குப் பேசினார். பச்சைத் தேயிலை விற்ற பணத்திற் பல ஆயிரம் ரூபாயை இழந்தார். அதனினும் கொடிது யாதெனில், வெட்கத்தால் மூன்று திங்கள் அதனை மனையாளுக்கும் உரையாது மறைத்து உள்ளம் நைந்தமையே.

இத்தொழில் நேற்றுத் தோன்றியதன்று. 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்னும் நிறுவனத்தின்மீதும் அதனைச் சார்ந்தார்மீதும் வழக்குத் தொடர்ந்தது. வின்ஃபிக்ஸர், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் முதலிய பெயர்களால் அவர் விற்ற நிரல்களை வாங்கி ஏமாந்தோர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று ஆணையம் கூறிற்று. நற்பெயர் பெற்ற நிறுவனங்களின் விளம்பரம் போல அவர் இடம் பெற்றனர். விளம்பரம் ஏற்பாருக்கு ஒரு முகமும், பார்ப்பாருக்கு வேறு முகமும் காட்டினர். 2012-ஆம் ஆண்டு, பிரதிவாதிகளுள் ஒருவர் 16 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை செலுத்துமாறு நீதிமன்றம் கட்டளையிட்டது. பின்னர் இவ்வஞ்சகம் தொலைபேசியோடு கைகோத்தது. தொழில்நுட்ப உதவி என்னும் பெயரால் அயல்நாட்டு முதியோரை ஏமாற்றிய கூட்டங்கள் நம் நாட்டகத்தும் இருந்தன. 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை ஆபரேஷன் சக்ரா-2 என்ற பெயரால் நாடெங்கும் சோதனை நடத்தியபோது, மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் அளித்த முறையீடுகளும் அதற்குக் காரணமாயின.

இனி, போலியை அறிவது எங்ஙனம்? தேயிலை நாட்டார்க்கு இது விளங்காததன்று. ஈரமான வடிதாளில் சாயமேற்றிய தூளைத் தூவின் அது உடனே நிறத்தைக் கக்கிவிடும்; நல்ல தூளோ மெல்லவே தன் நிறம் காட்டும். காப்புநிரலும் அத்தகையதே. மெய்யான நிரல் அமைதியாக வேலை செய்யும். கேடு கண்டால் அதன் பெயர் கூறித் தானே விலக்கும். போலிநிரல் ஓலமிடும், நொடிகளை எண்ணும், தொலைபேசி எண் காட்டும், பணம் கேட்கும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண்ணைத் தருவதில்லை என்று தானே அறிவித்துள்ளது. மேலும், ஓர் இணையப்பக்கம் நம் கணினியின் உள்ளே புகுந்து கோப்புகளைத் துருவிப் பார்த்தல் இயலாது. ஆதலின் பிரவுசரில் தோன்றி, "ஆயிரம் வைரஸ் கண்டோம்" என்று எண்ணிக் காட்டுவது வெறும் ஓவியமே. அச்சம், அவசரம், பணம் என்னும் மூன்றும் ஒருங்கே கூடின், அது போலி என்று துணிக.

அறிந்தபின் அகற்றுதல் வேண்டும். முதலாவது, அவ்வறிவிப்பினுள் உள்ள எந்தப் பொத்தானையும் அழுத்தலாகாது. "மூடுக" என்று அவர் வரைந்து வைத்ததும் பொறியாதல் கூடும். எஸ்கேப் விசையைச் சற்று அழுத்திப் பிடித்தால் முழுத்திரை சுருங்கும். அதன்பின் பிரவுசரை மூடலாம். அதற்கும் அடங்காதாயின் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்றையும் ஒருசேர அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துக. மீளத் திறக்குங்கால் பழைய பக்கங்களை மீட்க இசையாதிருக்க. எதனையும் பதிவிறக்கம் செய்யாதவர்க்குப் பெரும்பாலும் இத்துணையே போதும். திரையின் மூலையில் மீண்டும் மீண்டும் எச்சரிக்கை தோன்றின், பிரவுசரின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற அறியாத தளங்களின் பெயரை நீக்குக.

போலிநிரல் கணினியில் நிறுவப்பட்டுவிட்டதேல், முதற்கண் இணைய இணைப்பைத் துண்டிக்க. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதியை நிறுவிய நாள்முறையில் வரிசைப்படுத்தி, அறியாததனை நீக்குக. நீங்க மறுப்பின், சேஃப் மோடில் கணினியைத் தொடங்கி நீக்குக. பிரவுசரில் ஒட்டிக்கொண்ட எக்ஸ்டென்ஷன்களையும் பார்க்க. அதன்பின் விண்டோஸ் செக்யூரிட்டியில் முழுச் சோதனையும், மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதும் செய்க. பின்னது விண்டோஸ் எழுமுன்னரே சோதிப்பதாகலின், ஒளிந்து நிற்பதும் அகப்படும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதலாக இக்காப்பு விண்டோஸிலேயே அமைந்துள்ளது. தனியே விலை கொடுக்க வேண்டுவதில்லை. வேண்டுவார்க்கு, 2017 பிப்ரவரியில் இந்திய அரசின் செர்ட்-இன் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம் இலவசக் கருவிகளை அளிக்கின்றது.

அயலான் ஒருவனைத் தொலைவிலிருந்து கணினியை இயக்க விட்டிருந்தால், அதற்கென நிறுவிய நிரலை நீக்குக. வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுக. வேண்டிய படங்களையும் ஆவணங்களையும் எடுத்துவைத்து விண்டோஸை மீள நிறுவுதலே நலம். பணம் சென்றிருப்பின் காலம் தாழ்த்தாது வங்கிக்கும் 1930 என்னும் தேசிய எண்ணுக்கும் அறிவிக்க. விரைந்து அறிவிப்பின் பணம் இடைவழியில் நிறுத்தப்படவும் கூடும். ஆள்மாறாட்டம் செய்து கணினிவழி வஞ்சித்தல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாம்.

நிற்க. "எச்சரிக்கை எதனையும் நம்பாதே என்று முதியோர்க்குச் சொல்லிவிட்டாற் போதாதோ?" என்பார் சிலர். போதாது. மெய்யான எச்சரிக்கைகளும் உள. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவு முடிவுற்றது என்று கணினி அறிவித்ததாயின், அது கேட்கத்தக்கதே. எல்லாவற்றையும் தள்ளுதலும் எல்லாவற்றையும் கொள்ளுதலும் ஒரே அறியாமையின் இருபுறங்கள். ஆராய்ந்து நம்புதற்கென்றே வள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரம் வகுத்தார்.

"அறியாதார் ஏமாந்தனர், அது அவர் குற்றம்" என்பார் கூற்றையும் யாம் ஒப்போம். கணினி வாங்கியவுடன் இலவசமாய் வந்து, காலம் முடிந்ததும் "நீவிர் காப்பின்றி இருக்கின்றீர்" என்று நாள்தோறும் செந்நிறத்தில் அச்சுறுத்தும் மெய்ந்நிரல்களும் உள. நேர்மையான வணிகர் அச்சத்தை விளம்பரமாக்கிய பின்னர், கள்வரின் குரலை முதியோர் பிரித்தறிவது எங்ஙனம்? காப்பு விற்போர் அமைதியாகப் பேசக் கற்றாலொழியப் போலிகளின் வாழ்வு முடியாது. அன்றியும் ஏமாந்தாரை நகுதல் கள்வர்க்குச் செய்யும் உதவியே. நகைக்கு அஞ்சி வாய்மூடுவார் 1930-க்கும் பேசார், மக்களுக்கும் உரையார். கள்வனோ அடுத்த வீட்டுக்குச் செல்கின்றான்.

ஆதலின் நம் கல்லூரி மாணவர்க்கு யாம் கூறுவது ஒன்றே. விடுமுறைக்கு வீடு செல்லுங்கால் ஒரு பிற்பகலை வீட்டுக் கணினிக்கு ஒதுக்குமின். காப்பு இயங்குகின்றதா என்று காண்மின். நோட்டிஃபிகேஷன் அனுமதிகளைத் துடைமின். பெற்றோர்க்கென நிர்வாக உரிமையில்லாத தனிக்கணக்கு ஒன்று அமைமின். ஒரு தாளில் தமிழில், "சிவப்புத் திரை வந்தால் எதையும் தொடாதே, அதில் உள்ள எண்ணுக்குப் பேசாதே, எனக்குப் பேசு" என்று எழுதி, கீழே நும் எண்ணையும் 1930-ஐயும் குறித்துச் சுவரில் ஒட்டுமின். அவ்வழைப்பு தேர்வு நாளில் வரினும், நள்ளிரவில் வரினும், சினவாது எடுமின். பிள்ளை சினப்பான் என்ற அச்சம் ஒழிந்த வீட்டில், கள்வன் ஊட்டும் அச்சம் வேரூன்றாது.