டிராக்டரைப் பிளப்பது கடைசி வேலை

சம்பா, தாளடிச் சேற்றுழவு ஐப்பசியோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு காவிரிப் பாசனப் பகுதியில் பல டிராக்டர்கள் கொட்டகைக்கோ மரத்தடிக்கோ போய்விடுகின்றன. கார்த்திகை மழையும் மார்கழிப் பனியும் அவற்றின் மேலேயே போகின்றன. தையில் சம்பா அறுவடை தொடங்கி, நெல் மூட்டை ஏற்ற டிரெய்லரைப் பூட்டும்போதுதான் வண்டியின் நினைவு வருகிறது.

பாட்டரி நன்றாக இருந்தால் எஞ்சின் பிசகின்றி ஓடும். ஆனால் கிளட்சை மிதித்துக் கியர் போட்டால் 'கரகர' என்று பல் உரசும், கியர் விழாது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டால் அதே கியர் சிரமமின்றி விழும். மறுபடி ஸ்டார்ட் செய்தால், கிளட்ச் மிதிபட்டிருக்கும்போதே வண்டி முன்னே பாய்கிறது. அழைத்து வந்த மெக்கானிக் இரண்டு முறை பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு, "பிளேட் போச்சு அண்ணே, வண்டியைப் பிளந்தால்தான் தெரியும்" என்கிறார். வீட்டுக்காரரும் சரி என்று தலையாட்டுகிறார். இது ஊருக்கு ஊர் நடக்கும் கதை.

டிராக்டரைப் பிளப்பது என்றால் எஞ்சினை ஒரு பக்கமும் கியர் பெட்டியை மறுபக்கமுமாகப் பிரித்து நிறுத்துவது. முட்டுக் கொடுக்க வேண்டும். ஒயர், குழாய், ஸ்டியரிங் இணைப்பு எல்லாம் கழற்ற வேண்டும். சாமான் உடனே கிடைத்தாலும் அது ஓரிரு நாள் வேலை. அறுவடைக் காலத்தில் அந்த இரண்டு நாள் களத்தில் நெல் காத்துக் கிடக்கும். வாடகை வண்டிக்குப் பணம் போகும். கொள்முதல் நிலையத்தில் முறை தவறிப்போகும். இவ்வளவும் தேவையாக இருந்தால் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் வெளியிலிருந்தே பார்க்கக்கூடிய காரணங்களைப் பார்க்காமல் வண்டியின் வயிற்றைக் கிழிப்பது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாத பழக்கம். பிளப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். முதல் வேலையாக அல்ல.

விடாத கிளட்ச் வேறு, வழுக்கும் கிளட்ச் வேறு

கிளட்ச் கெட்டுவிட்டது என்று பொதுவாகச் சொல்வதில்தான் முதல் தவறு இருக்கிறது. கிளட்சில் இரண்டு கோளாறுகள் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

எஞ்சின் உறுமுகிறது, பாரம் நகரவில்லை, கருகிய வாடை அடிக்கிறது என்றால் அது வழுக்கும் கிளட்ச். பிளேட் சரியாகப் பிடிக்கவில்லை என்பது பொருள். கியர் உரசுகிறது, மிதித்தும் வண்டி ஊர்கிறது என்றால் அது விடாத கிளட்ச். பிளேட் எஞ்சினை விட்டு முழுதாக விலகவில்லை என்பது பொருள். முன்னதில் பெரும்பாலும் பிளேட் தேய்ந்திருக்கும். பின்னதில் பிளேட் புதிதாகவே இருந்தாலும் இருக்கலாம். விடாத கிளட்சுக்கு உடனே புதுப் பிளேட் வாங்குவது, கதவு திறக்கவில்லை என்று தாழ்ப்பாளைப் பார்க்காமல் கதவையே மாற்றுவது போன்றது.

சந்தேகம் தீர எளிய சோதனை உண்டு. சமதரையில், எதிரே ஆள் இல்லாத இடத்தில், எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் வைத்து, நியூட்ரலில் கிளட்சை அடிவரை மிதிக்க வேண்டும். பத்து எண்ணிய பிறகு ரிவர்ஸ் கியர் போட்டுப் பார்க்க வேண்டும். சத்தமின்றி விழுந்தால் கிளட்ச் விடுகிறது. ஓட்டுபவரின் அவசரம்தான் கோளாறு. பத்து எண்ணியும் உரசினால் கிளட்ச் விடவில்லை.

ரோட்டவேட்டர் ஓட்டும் பல டிராக்டர்களில் இரட்டைக் கிளட்ச் இருக்கும். பெடல் பாதி இறங்கினால் சக்கரத்துக்குப் போகும் ஓட்டம் நிற்கும். அடிவரை இறங்கினால்தான் பி.டி.ஓ. நிற்கும். ஆகவே இவ்வகை வண்டியில் கோளாறு முதலில் பி.டி.ஓ. லீவரில் தெரியக்கூடும். கியர் ஒழுங்காக விழுகிறது, பி.டி.ஓ. லீவர் மட்டும் உரசுகிறது என்றால் பெடலின் கடைசிப் பகுதி வேலை செய்யவில்லை என்று அறியலாம்.

முதலில் பெடல்

கையால் பெடலை மெல்ல அழுத்தினால் முதலில் சிறிது தூரம் எதிர்ப்பின்றி இறங்கும். இதை மெக்கானிக்குகள் 'பிளே' என்பார்கள். பல டிராக்டர்களில் இது சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை இருக்கும். சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் போதும், அளந்துவிடலாம்.

பிளே குறைந்தால் கிளட்ச் வழுக்கும். கூடினால் கிளட்ச் விடாது. காரணம் எளிது. பெடல் இறங்கும் மொத்தத் தூரம் மாறாதது. அதில் பெரும்பகுதி வெறும் ஆட்டத்திலேயே போய்விட்டால், பிரஷர் பிளேட்டை இழுத்துப் பிரிக்க மிச்சத் தூரம் போதாது. உள்ளே பிளேட் விலகும் இடைவெளி நகத்தின் கனம்தான். வெளியே சிறிது வீணானாலும் உள்ளே அது கிடைக்காமல் போகும்.

பிளேட் தேயத் தேயப் பிளே தானாகக் குறையும் என்பதால் அவ்வப்போது திருத்துவது வழக்கம். வழுக்குகிறது என்று சொன்னவுடன் அளக்காமல் ராடை இஷ்டத்துக்குத் திருகி விடுகிறவர்கள் உண்டு. ஒரு நோயை ஆற்றி இன்னொரு நோயைக் கொடுத்த கதையாக, அன்று முதல் கிளட்ச் விடாமல் போகிறது. சமீபத்தில் யாராவது ராடைத் தொட்டார்களா என்று கேட்பது எந்தச் சோதனைக்கும் முந்திய சோதனை.

அடுத்து, எஞ்சினை நிறுத்தி ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் கீழே பார்க்க வேண்டும். பெடல் இறங்கியும் கிளட்ச் ஹவுசிங் ஓரத்து லீவர் தாமதமாக நகர்ந்தால், இடையிலுள்ள பின்னும் அதன் துளையும் தேய்ந்திருக்கின்றன. லீவர் நகர்ந்தும் உள்ளே போகும் ஷாப்ட் திரும்பாவிட்டால், அதன் போல்ட்டோ சாவியோ தளர்ந்திருக்கிறது. பெடலின் அடியில் சேறு இறுகி முழுதும் இறங்காமல் தடுப்பதும் உண்டு. இவையெல்லாம் ஸ்பேனரும் ஒரு புதுப் பின்னும் கொஞ்சம் கிரீசும் கொண்டு தீரும் வேலைகள்.

துருவில் ஒட்டிய பிளேட்

பெடலும் ராடும் சரி, ஆனால் வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தது என்றால், சந்தேகம் துருவின் மேல் திரும்ப வேண்டும். சேற்றுழவில் கேஜ்வீல் வாரியடிக்கும் நீர் ஹவுசிங்குக்குள் கசியும். வண்டி ஓடும்போது அது காய்ந்துவிடும். ஈரத்தோடு நிறுத்திவிட்டால் பிளைவீலும் பிரஷர் பிளேட்டும் துருப்பிடித்து, நடுவில் இருக்கும் கிளட்ச் பிளேட் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். பிளேட் கெடவில்லை, ஒட்டியிருக்கிறது. நேற்றுவரை நன்றாக ஓடி நின்ற வண்டி, மழை கழிந்ததும் கிளட்ச் விடவில்லை என்றால் இதுவே முதல் ஐயமாக இருப்பது நியாயம்.

ஒட்டிய பிளேட்டைப் பிளக்காமலே விடுவிக்கப் பல சமயம் முடியும். ஆனால் இது அனுபவம் உள்ள ஓட்டுநர் செய்ய வேண்டியது. முதலில் நியூட்ரலில் எஞ்சினை அரை மணி ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டும். பிறகு நிறுத்தி, டிரெய்லரையும் கருவிகளையும் கழற்றி, பி.டி.ஓ.வை விடுவித்து, இரண்டு பிரேக் பெடல்களையும் தாழ்ப்பாளால் இணைக்க வேண்டும். முன்னால் நீண்ட வெளி இருக்க வேண்டும். பிள்ளைகள், மாடு, கிணறு, வாய்க்கால் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. உயர் கியரில் போட்டு, இருக்கையில் அமர்ந்து, கிளட்சை அடிவரை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் வண்டி நகரத் தொடங்கும். ஓடும்போதே கிளட்சை விடாமல் ஆக்சிலரேட்டரைக் கூட்டிக் குறைத்து, நடுநடுவே பிரேக்கை அழுத்தினால் பிளேட் 'டப்' என்று விடுபடுவதுண்டு. இரண்டு மூன்று முறை செய்தும் விடாவிட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். கீழே நின்றுகொண்டு கியரில் ஸ்டார்ட் செய்வது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. பெரிய சக்கரத்துக்கு முன்னால் நிற்பவருக்கு விலக நேரம் கிடைக்காது.

மழைக்கு முன் இரண்டு வேலை

இந்தத் தொல்லை வராமல் தடுக்கக் காசு செலவில்லை. கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. சில வண்டிகளில் அதில் ஒரு ஸ்பிலிட் பின் ஆடிக்கொண்டு துளை அடையாமல் காக்கும். சிலவற்றில் சேற்றுழவின்போது மூட ஒரு திருகு கொடுக்கப்பட்டிருக்கும். சேற்றில் இறங்குமுன் மூடுவதும், வேலை முடிந்ததும் திறந்து நீரை வடிப்பதும் அவசியம். மூடிய திருகை மறந்துவிட்டால் உள்ளே குளம் கட்டும்.

நீண்ட நாள் நிறுத்தும்போது கிளட்ச் பெடலை அழுத்திய நிலையில் ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து வைக்க வேண்டும். சில வண்டிகளில் இதற்கென்றே கொக்கி இருக்கிறது. பிளேட் விலகி நிற்பதால் ஒட்டாது. ஆனால் அந்த நிலையில் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. ஆகவே கைப்பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பது இன்றியமையாதது. கட்டை வைக்காதவர்கள் பத்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை வண்டியை எடுத்துத் தெருக்கோடிவரை ஓட்டி வந்தாலும் நலம்.

பிளக்க வேண்டிய நேரம்

வெளிக்காரணம் எதுவும் இல்லை என்று தெளிந்த பிறகு பிளக்கத் தயங்கக் கூடாது. அடித்துளையில் எண்ணெய் சொட்டினால் சீல் போய்விட்டது. அந்த எண்ணெய் பிளேட்டில் ஏறும். மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று இரைந்தால் ரிலீஸ் பேரிங்கோ பைலட் பேரிங்கோ கெட்டிருக்கலாம். பைலட் பேரிங் இறுகிவிட்டால், பிளேட் விலகினாலும் பிளைவீல் கியர் ஷாப்ட்டைத் தன்னோடு சுழற்றிக்கொண்டே இருக்கும். பிளேட் வளைவது, விரல்கள் ஏற்றத்தாழ்வாகத் தேய்வது, ஷாப்ட்டின் பல்வரியில் பிளேட் வழுக்கி நகராமல் சிக்குவது ஆகியவற்றையும் உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நினைப்பதும் தவறு. பிளந்த பிறகு பேரிங்குகளையும் சேர்த்து மாற்றச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. சிறிய பேரிங்கை மிச்சம் பிடித்து, ஆறு மாதத்தில் மறுபடி பிளப்பது பெரிய நஷ்டம். அளந்து பார்க்காமலே பிளக்கச் சொல்வதைத்தான் மறுக்க வேண்டும். பிளேயை அளந்தீர்களா, லீவரைப் பார்த்தீர்களா, துளையில் எண்ணெய் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளை வீட்டுக்காரர் கேட்டால், நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

லாரியும் சரக்கு வண்டியும்

காய்கறியும் கரும்பும் ஏற்றும் லாரிகளிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் இதே கணக்குத்தான். ஆனால் பலவற்றில் ராடுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தம் வேலை செய்கிறது. பெடலை நாலைந்து முறை விட்டு விட்டு மிதித்தால் கியர் விழுகிறது என்றால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம் அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் டப்பாவின் அளவையும் கீழ்ச் சிலிண்டரில் கசிவு உண்டா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். குறைந்திருக்கிறது என்று எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர்கள் உப்பி எல்லாம் கெடும். அதற்குரிய பிரேக் ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

கற்றுத்தர வேண்டியவர்கள்

டிராக்டர் வாங்கக் கடன் தருகிறவர்கள் தவணையை நினைவூட்டத் தவறுவதில்லை. பெடலை அளக்கச் சொல்லித் தருவோர் இல்லை. விற்பனையாளரின் இலவச சர்வீஸ் முதலில் முடிந்துவிடுகிறது. கிளட்ச் தொல்லை அதன் பிறகுதான் வருகிறது. வேளாண்மைப் பொறியியல் துறையிடம் இயந்திரங்களும் உண்டு, அவற்றை அறிந்த ஆட்களும் உண்டு. ஆந்திராவில் அனந்தபுரத்தை அடுத்த கார்லதின்னேயில் மத்திய அரசின் தென் மண்டல வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. ஆனால் இரண்டு ஏக்கர்க்காரர் நாற்றங்காலை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாது. சேற்றுழவு முடியும் சமயத்தில், ஊருக்கு அரை நாள், ஊர் டிராக்டரையே வைத்துக் கற்றுக்கொடுத்தால் போதும். அதில் ஓட்டுநரும் வீட்டுக்காரரும் சேர்ந்தே உட்கார வேண்டும். இல்லாவிட்டால் கோளாறு வரும் நாளில் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவதுதான் மிஞ்சும்.

உழவர் குழுக்கள் பொதுவில் வைத்திருக்கும் டிராக்டர்களுக்கு இது இன்னும் பொருந்தும். எல்லோருக்கும் சொந்தமான வண்டியை யாரும் கவனிப்பதில்லை. ஒரு நோட்டில் மாதத்துக்கு ஒரு முறை பெடல் பிளேயின் அளவும் மீட்டர் காட்டும் மணியும் எழுதி வந்தால், கிளட்ச் கெடுவதற்கு முன்பே நோட்டு சொல்லிவிடும்.

முன்பு மாட்டுக்குக் கால் நொண்டினால் விவசாயி முதலில் குளம்பைத் தூக்கிப் பார்த்தார். முள் இருந்தால் பிடுங்கினார். அதன் பிறகுதான் வைத்தியரைத் தேடினார். அந்தப் பழக்கம் டிராக்டருக்கும் வர வேண்டும். வண்டியைப் பிளக்கச் சம்மதிக்குமுன் ஒரு ஸ்கேலை எடுத்துப் பெடலை அளந்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை.