பெயரறிதல் மட்டும் அறிவாகாது

தமிழ் வகுப்பறையில் அறிவியல் பற்றிய பேச்சு எழுந்தால் இருவகைக் குரல்கள் கேட்கின்றன. ‘அறிவியலுக்கு ஆங்கிலம் உண்டு, தமிழுக்குப் பண்பாடும் இலக்கியமும் போதும்’ என்பர் ஒரு சாரார். ‘அறிவியல் அனைத்தும் தொல்காப்பியத்திலேயே அடங்கிவிட்டது, பிறரிடம் கற்க வேண்டியது யாதுமில்லை’ என்பர் மறுசாரார். முன்னது தமிழைச் சுருக்குகிறது. பின்னது தமிழரைச் சோம்பராக்குகிறது. இவ்விரண்டும் பொருந்தா வாதங்கள் என்பதை, அழிந்தொழிந்த ஒரு சிப்பியினத்தைக் கொண்டே நிறுவலாம்.

தொல்காப்பிய மரபியல் நந்தையும் முரளையும் ஈரறிவுயிர் என வகுத்தது. நந்தின் கிளையாகச் சங்கு, நத்தை முதலியவற்றையும், முரளின் கிளையாக இப்பி, கிளிஞ்சில், ஏரல் என்பவற்றையும் உரை வகுத்தோர் சேர்த்துரைத்தனர். ஓரோட்டு உயிரையும் ஈரோட்டு உயிரையும் பிரித்தறிந்த அக்கண் கூரியது, போற்றத்தக்கது. ஆயினும் அப்பகுப்பின் அளவுகோல் புலன்களின் எண்ணிக்கையே. உயிர் நீங்கிக் கல்லாகிக் கிடக்கும் ஓட்டுக்குப் புலன் ஏது? அதனை இன்ன இனம் என்று துணிய அவ்வளவுகோல் உதவாது. உதவும் என்று மேடையில் முழங்குவோர் தொல்காப்பியரை உயர்த்தவில்லை; அவர் சொல்லாததை அவர் வாயில் இட்டுச் சிறுமைப்படுத்துகின்றனர்.

கல்லான சிப்பியை அறியும் வழி வேறு. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்குக் கடல் இருந்தமைக்குச் சான்று. அதனுள் தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காகப் புதைந்துள்ளன. அவற்றுள் ஓரினம் ஐரோப்பியச் சுண்ணப் பாறைகளிலும் காணப்படுவது. அதற்குப் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் 1806இல் ‘ஆஸ்ட்ரியா வெசிகுலாரிஸ்’ எனப் பெயரிட்டார். இடப்புற ஓடு கிண்ணம்போல் குழிந்தும், வலப்புற ஓடு மூடிபோல் தட்டையாகவும் இருத்தல் கண்டு, பின்வந்தோர் அதனைக் ‘கிரைஃபியா’ என்னும் பேரினத்தில் வைத்தனர். தசை பற்றியிருந்த தழும்பு அதில் வட்டமானது. உண்ணும் சிப்பிகளின் குடும்பத்திலோ அத்தழும்பு சிறுநீரக வடிவினது. ஆகவே இரண்டும் வெவ்வேறு குடும்பம். ஓட்டினுள் தேன்கூடு போன்ற நுண்ணறைகள் இருத்தலால், இந்நாளில் அது ‘பிக்னோடான்டே’ என்னும் பேரினத்தில் வைக்கப்படுகிறது.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. பேரினப் பெயர் மாறினும் லாமார்க் இட்ட சிற்றினப் பெயர் மாறவில்லை. அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இன்றும் நிற்கின்றன, ‘முதலில் பெயரிட்டவர் இவர், வேறு பேரினத்தில் வைத்தார்’ என்பதே அக்குறியின் பொருள். முன்னோர்க்குரிய மதிப்பும் முன்னோர் முடிவுக்குரிய திருத்தமும் ஒரே வரியில் அமைந்த மரபு இது. மூலத்தை மதித்து, உரையை மறுத்து, மறுப்புக்குக் காரணம் காட்டும் தமிழ் உரை மரபை அறிந்தவர்க்கு இது அயலானதா?

தென்னாட்டுப் படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் இலண்டனில் 1846இல் விவரித்தார். மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிஸ்கா, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றி, அப்படிவங்களுள் ஈரோட்டுச் சிப்பிகளுக்கெனவே ஒரு பெருநூலை 1871இல் முடித்தார்; 1874இல், தம் 36ஆம் வயதில், லடாக் மலைவழியில் உயிர்நீத்தார். அந்நூலின் சாரத்தையேனும் மாணவர்க்குத் தமிழில் எடுத்துரைத்த தமிழாசிரியர் எத்தனை பேர்?

சிங்கப்பூரும் இதற்குப் புறம்பன்று. ஸ்க்ரிவனர் இங்குக் கண்டெடுத்த படிவங்களை நியூட்டன் 1906இல் விவரித்தார். இத்தீவின் ஈரோட்டுப் படிவங்களைக் கோபயாஷியும் தமுராவும் 1968இல் ஆராய்ந்து, மேல் டிரையாசிக் காலத்தன என்று எழுதினர். அஃது 20 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம்.

‘படிவங்களுக்கு எங்கே போவது?’ எனக் கேட்கும் ஆசிரியர் சைனாடவுன் சந்தைக்குச் செல்லட்டும். மலாய்க்காரர் ‘கெராங்’ என்றும், ஹொக்கியன் சீனர் ‘சீஹாம்’ என்றும் அழைக்கும் சிப்பி அங்குக் கிடைக்கும். லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட இனம் அது. அதன் பேரினப் பெயரும் ஆர்க்கா, அனடாரா, டெகிலார்க்கா எனப் பின்னர் மாறிற்று. வேகவைத்துத் தூய்மை செய்த ஓட்டை மாணவர் கையில் தருக. கீல் நேர்கோடாக உள்ளது. அதில் ஒரே மாதிரியான சிறு பற்கள் வரிசையாக நிற்கின்றன. உட்புறம் தசைத் தழும்புகள் இரண்டு. இத்துணையும் மாணவர் தம் கண்ணால் கண்டு தமிழில் எழுதலாம். கீல், பல், தழும்பு, வரி என்பன புதிதாக ஆக்க வேண்டிய கலைச்சொற்களும் அல்ல; வீட்டில் வழங்கும் சொற்கள்.

‘இலத்தீன் பெயரை விலக்கித் தூய தமிழ்ப்பெயர் சூட்டுவோம்’ என்பாரும் உளர். அரியலூர்ச் சிப்பியும் பிரான்சுச் சிப்பியும் ஓரினமே என்பதை உலகோர் உணர்வது அப்பொதுப் பெயரால் அன்றோ? பெயர் உலகுக்குப் பொதுவாக இருக்கட்டும். விளக்கம் தமிழில் இருக்கட்டும்.

சைனாடவுனுக்கு அருகே, மேக்ஸ்வெல் சாலையில், 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி, தமிழ்வழி உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்து, 1982இல் மூடப்பட்டது. அதன்பின் அறிவியல் பாடமேடை தமிழுக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் கண்டதைப் பிழையின்றி விவரித்தலும், காரணம் காட்டித் துணிதலும், சான்று மாறின் முடிவை மாற்றுதலும் மொழிப்பாடத்தின் கடமைகளே. கட்டுரைப் பயிற்சிக்கு ‘மழைக்காலம்’ எனத் தலைப்புத் தந்து பழைய தொடர்களை ஒப்புவிக்கச் செய்யும் ஆசிரியர், ஒரு சிப்பியோட்டைத் தந்து ‘கண்டதை எழுதுக’ எனச் சொல்லத் தயங்குவதேன்? மனப்பாடம் செய்த பெருமை தேர்வுடன் மறையும். பார்க்கவும் பார்த்ததைச் சொல்லவும் தமிழில் பழகிய மாணவனுக்கோ, தமிழ் வாழ்நாள் முழுதும் கருவியாக நிற்கும்.