சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருக்கலாமா?

ஒரே வருடத்தில் மூன்று பற்றரி வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வேறு யாருமல்லர், என் தங்கையின் மகன்தான். கொடிகாமம், நெல்லியடி, பருத்தித்துறைப் பக்கமெல்லாம் போய்ப் பழைய இரும்பு சேர்த்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவது அவரது தொழில். அதற்கு அவரிடம் இருப்பது ஒரு பழைய பெட்ஃபோர்ட் டீ.கே. லொறி.

சுபஹுத் தொழுகை முடிந்து லொறியில் ஏறிச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி. பள்ளிவாசலில் இருந்து வருகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து தள்ள வேண்டும். பற்றரி செத்துவிட்டது என்று கடைக்காரர் சொல்வார். புதிதாக வாங்கிப் போடுவார். நாலு மாதம் ஓடும், பிறகு பழைய கதைதான்.

கடைசியில் மருமகன் ஒரு முடிவோடு என்னிடம் வந்தார். “மாமா, இந்தக் கிழட்டு லொறியோட இனி மல்லுக்கட்ட ஏலாது. இதை உடைச்சு இரும்புக்குக் குடுத்திட்டு லீசிங்கில ஒண்டு எடுக்கப் போறன். கடதாசி எல்லாம் சரி. நீங்கள் பிணைக்கு ஒரு கையெழுத்து வைச்சால் போதும்.”

நான் பேனாவை எடுக்கவில்லை. “லொறியில அம்ப் மீற்றர் இருக்கா?” என்று கேட்டேன். “முந்தி ஒண்டு இருந்திருக்கு மாமா. இப்ப ஓட்டைதான் இருக்கு. பக்கத்தில ஒரு சிவப்பு லைற் இருக்கு” என்றார். “அந்த ஓட்டைக்கு ஒரு மீற்றரைப் போடு. ஒரு கிழமை ஓடு. அதற்குப் பிறகு கையெழுத்தைப் பற்றிக் கதைப்போம்” என்று அனுப்பினேன்.

வியாபாரப் பக்கத்தில் லொறி மீற்றருக்கு என்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கலாம். வேலை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையோடு வாசியுங்கள்.

பள்ளிக்கூடத்தில் அம்பியர்மானி என்று படித்தோமே, அதுதான் இது. நடுவில் பூச்சியம். முள் வலப்பக்கம் சாய்ந்தால் பற்றரிக்கு மின்சாரம் போகிறது. இடப்பக்கம் சாய்ந்தால் பற்றரியில் இருந்து மின்சாரம் வெளியேறுகிறது. 1950களில் வந்த பல பிரித்தானிய வாகனங்களில் இது இருந்தது. பிற்காலத்தில் உற்பத்தியாளர்கள் இதை எடுத்துவிட்டு ஒரு சிறிய சிவப்பு விளக்கை வைத்தார்கள். அது மலிவு, பொருத்துவதும் சுலபம். ஆனால் மின்சாரம் உற்பத்தியாகாமல் நின்றுவிட்டால்தான் அந்த விளக்கு எரியும். உற்பத்தி குறைவாக இருந்தாலோ, இராத்திரியில் களவாகக் கசிந்தாலோ அது வாய் திறக்காது.

டீசல் லொறிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய டீசல் எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு மின்சாரம் தேவையில்லை. பற்றரி காலியானாலும் ஓடும். ஆகவே பகல் முழுவதும் சாரதிக்கு எதுவும் தெரியாது. மஃரிபுக்குப் பிறகு ஹெட்லைற் மங்கும்போதோ, மறுநாள் காலையிலோதான் விஷயம் தெரியவரும்.

மருமகன் போன இடம் சுன்னாகப் பக்கத்தில் உள்ள ஒரு மின் பாஸின் பட்டறை. அவர் தமிழ்ச் சகோதரர், வயது அறுபதைத் தாண்டியவர். 1990க்குப் பிறகு பெற்றோலும் பற்றரியும் குடாநாட்டுக்குள் வரத் தடை இருந்த காலத்தில், நாலு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஏ40 காரை ஓடவைத்த தலைமுறை அது. எரிந்த டைனமோவுக்குக் கையாலேயே கம்பி சுற்றியவர். நானும் கூடப் போயிருந்தேன். “என்ன நானா, இந்தக் காலத்தில அம்ப் மீற்றரோ? வோல்ற் மீற்றர் போட்டால் காணாதோ?” என்று சிரித்தார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எனக்கே ஒரு சூடு பட்ட அனுபவம் உண்டு. நாங்கள் 2010இல் ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் ஒரு பழைய லொறி வாங்கினேன். அதில் இருந்த டைனமோவைக் கழற்றிவிட்டு, உடைத்த ஜப்பான் வாகனம் ஒன்றின் அல்ரனேற்றரைப் பூட்டியிருந்தார்கள். நான் என் கெட்டித்தனத்தில் 30 அம்பியர் மீற்றர் ஒன்றை வாங்கி, கிடந்த மெல்லிய வயரிலேயே கொழுவினேன். ஒரு நாள் பற்றரி இறங்கி, தள்ளி ஸ்ராட் பண்ணி, லைற்றையும் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். காலியான பற்றரி கிடைத்ததையெல்லாம் இழுக்கிறது. அல்ரனேற்றர் 50 அம்பியருக்கு மேல் தள்ளுகிறது. கொடிகாமம் தாண்டவில்லை, டாஷ்போட்டுக்குள் இருந்து புகை. அல்ஹம்துலில்லாஹ், பற்றரி வயரைப் பிடுங்கித் தப்பினேன். பிழை மீற்றரில் இல்லை. ஓடுகிற அளவுக்குப் பொருந்தாத மீற்றரைப் போட்ட என்னில்தான்.

அண்ணையிடம் இதைச் சொன்னேன். “அப்ப முறையாய்ப் போடுவம்” என்றார். அவர் செய்ததை இங்கே எழுதுகிறேன். பழைய வாகனம் வைத்திருப்போருக்கு உதவும்.

முதலில் பற்றரியின் வயர்களைக் கழற்றினார். வோல்ற் மீற்றரைப் போல் அம்ப் மீற்றர் ஓரமாக நின்று பார்ப்பதில்லை. ஓடுகிற மின்சாரம் முழுவதும் அதற்குள்ளால் போகும். ஆகவே அல்ரனேற்றர் கொடுக்கக்கூடியதை விடப் பெரிய அளவு மீற்றர் வேண்டும். பழைய கார்களின் டைனமோ சுமார் 20 அம்பியர்தான் தரும். அதற்கு 30 அம்பியர் மீற்றர் போதும். இந்த லொறியின் அல்ரனேற்றர் 50. ஆகவே 60 அம்பியர் மீற்றர். வயரும் 10 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செம்பு வயர்.

இரண்டாவது, ஸ்ராட்டர் மோட்டருக்குப் போகும் தடித்த கேபிளை அவர் தொடவே இல்லை. ஸ்ராட்டர் நூற்றுக்கணக்கான அம்பியர் இழுக்கும். அதை மீற்றருக்குள்ளால் விட்டால் மீற்றர் அன்றே முடிந்தது. அந்தக் கேபிள் ஒன்றைத் தவிர, பற்றரிக்கு வருவதும் பற்றரியில் இருந்து போவதும் எல்லாம் மீற்றரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மூன்றாவது, பற்றரிக்குக் கிட்டவே ஒரு பெரிய பியூஸ் வைத்தார். தகட்டைத் துளைத்து வயர் போகும் இடத்தில் றப்பர் வளையம் போட்டார். வயர் நுனிகளுக்கு லக் அடித்து, ஸ்பிறிங் வொஷர் வைத்து இறுக்கி, மீற்றரின் பின்பக்கத்தை மூடினார். “லூசான ஒரு நட்டு போதும் நானா, லொறியையே எரிக்கும்” என்றார்.

கடைசியாகப் பரிசோதனை. எஞ்சினை நிறுத்திவைத்து ஹெட்லைற்றைப் போட்டார். இரண்டு 60 வோட்ஸ் விளக்கு, 12 வோல்ற் பற்றரி. 10 அம்பியர் கழிவுப் பக்கம் காட்ட வேண்டும். பின் லைற்றுகளோடு சேர்த்து முள் பத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றது. ஆனால் எதிர்ப்பக்கம்! இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டினார், சரியாகிவிட்டது.

பிறகு எல்லா சுவிட்சையும் நிறுத்தினார். முள் பூச்சியத்துக்கு வர வேண்டும். வரவில்லை. ஒரு மயிரிழை கழிவுப் பக்கம் சாய்ந்தே நின்றது. அண்ணை பொனற்றைத் திறந்து அல்ரனேற்றரில் கையை வைத்துப் பார்த்தார். என் கையையும் பிடித்து வைத்தார். எஞ்சின் முதல்நாளிலிருந்து ஓடவில்லை, குளிர்ந்து கிடக்கிறது. அல்ரனேற்றர் மட்டும் இளஞ்சூடாக இருந்தது! உள்ளே ஒரு டயோட் பழுதாகி, பற்றரியின் மின்சாரம் இராப்பகலாகத் திரும்பிக் கசிந்துகொண்டிருந்தது. சுமார் 2 அம்பியர் என்றார். அற்பந்தான். ஆனால் ஒரு நாளுக்கு 24 மணித்தியாலம். ஒன்றரை நாள் நிறுத்திவைத்தால் 72 அம்பியர் மணி போய்விடும். 100 அம்பியர் மணி பற்றரியில் மிஞ்சுவது என்ன? இப்படி அடிக்கடி வற்றிப்போனால் எந்தப் பற்றரியும் சாகும். மூன்று பற்றரியையும் கொன்றது இந்த 2 அம்பியர்தான்.

டயோட் தட்டை மாற்றச் செலவானது, ஒரு பற்றரியின் விலையில் சிறு பங்கு. லொறி இப்போதும் ஓடுகிறது. பிணைக் கடதாசி இன்னும் என் மேசை லாச்சியில் கையொப்பம் இல்லாமல் கிடக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் எத்தனை கடைகள் சிவப்பு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுகின்றன? பின்னேரம் லாச்சியில் காசு நிறைந்திருந்தால் வியாபாரம் நல்லது என்கிறோம். அந்தக் காசில் எது நமது, எது கொழும்பு முதலாளிக்குக் கொடுக்க வேண்டியது என்று பார்ப்பதில்லை. வீட்டுச் செலவும் அதே லாச்சி, கடைச் செலவும் அதே லாச்சி. காசோலை திரும்பி வரும்போதுதான் விளக்கு எரிகிறது. அப்போது தள்ளி ஸ்ராட் பண்ண நாலு பேரைத் தேடுகிறோம்.

2022இல் நாடே இப்படி நின்றதைக் கண்டோம். வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று ஏப்ரல் மாதத்தில் அறிவித்த பிறகு, எரிபொருள் வரிசையில் நாம் நாட்கணக்காக நின்றோம். வெளியே போகும் டொலர் உள்ளே வருவதை விட அதிகம் என்பது அன்று காலையில் நடந்த சம்பவம் அல்ல. முள் வெகுநாட்களாகக் கழிவுப் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் திறந்துவிடப்பட்ட பிறகு, எமது இளைஞர்களுக்குப் புதிய வாகன ஆசை பிறந்திருக்கிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் லீசிங் தவணை என்பது எஞ்சின் நின்றிருக்கும்போதும் கசிகின்ற மின்சாரம். மழைக்கு லொறி வீட்டில் நின்றாலும், உங்களுக்குக் காய்ச்சல் என்றாலும், பெருநாள் என்றாலும் அது கசியும். அதில் வட்டி கலந்திருந்தால் மார்க்கத்தின் கணக்கு வேறு இருக்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று கட்டளையிடும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அல்லாஹ் அவ்வளவு விரிவாகச் சொன்ன விஷயத்தை நாம் சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதுகிறோம்.

பழையதை ஒருபோதும் விற்காதே என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் இந்த பெட்ஃபோர்டும் இரும்புக்குத்தான் போகும். என்ன நோய் என்று தெரியாமல் விற்காதே, புதியதால் என்ன கசியும் என்று தெரியாமல் வாங்காதே என்கிறேன். பாஸ் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். பெரிய அல்ரனேற்றர் உள்ள வாகனத்துக்கு வோல்ற் மீற்றரே பாதுகாப்பு. மெல்லிய இரண்டு வயரும் ஒரு சிறிய பியூஸும் போதும். நிறுத்திவைத்த நிலையில் 12.6, ஓடும்போது 14 வோல்ற் அளவில் காட்டினால் சுகம். ஏதோ ஒரு மீற்றர் வேண்டும் என்பதே பேச்சு.

என் வாப்பா லொறி வைத்திருந்தவர். சோனகத் தெருவில் இருந்து புறப்படும்போது பிஸ்மி சொல்லி, முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் கிளச்சில் இருந்து காலை எடுப்பார். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது அந்த லொறி வாசலிலேயே நின்றது. திரும்பி வந்தபோது அது இல்லை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து வாப்பா மறுபடியும் தொழில் தொடங்கியபோது முதல் வாங்கியது ஒரு கணக்குக் கொப்பி. கையில் முதல் எதுவும் இருக்கவில்லை. ஆனால் வருவதும் போவதும் எவ்வளவு என்று அன்றன்றைக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

சகோதரர்களே, இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும். இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது. முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். எல்லா சுவிட்சும் நிறுத்தியிருக்கும்போதும் அது கழிவுப் பக்கம் நின்றால், எங்கே இளஞ்சூடு இருக்கிறது என்று கையை வைத்துத் தேடுங்கள். வல்ல அல்லாஹ் எமது உழைப்பில் பரக்கத் செய்வானாக.