கைபேசியின் பொத்தானா, கம்பனியின் பொத்தானா?

யாழ்ப்பாணத்தில் எழுதப்படும் ஒரு செயலியைக் கோண்டாவிலில் தாய் அண்ட்ரொய்டில் திறக்கிறார். ரொறன்ரோவில் மகள் ஐபோனில் திறக்கிறார். இரண்டுக்கும் தனித்தனியே நிரல் எழுத, நாலைந்து பேர் கொண்ட கம்பனியிடம் ஆளுமில்லை, காசுமில்லை. அதனால் ஒரே நிரலில் இரண்டையும் முடிக்கும் பிளட்டர், ரியக்ட் நேட்டிவ் பக்கம் போகிறார்கள். போவதில் பிழையில்லை. ஆனால் அவை இரண்டும் இரு வேறு வழிகள்.

பேஸ்புக் 2015 இல் வெளியிட்ட ரியக்ட் நேட்டிவ், பொத்தான் வேண்டுமென்றால் கைபேசியிடமே கேட்டு வாங்கும். கூகுளின் பிளட்டர் (1.0 பதிப்பு, 2018 டிசெம்பர்) வெறுந்திரையை மட்டும் வாங்கி, பொத்தான், எழுத்துப்பெட்டி எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்ளும். 1990களில் ஜாவாவிலும் இதே இழுபறிதான்: ஏ.டபிள்யூ.டி. என்ற அதன் கருவித்தொகுப்பு கணினியின் பொத்தானை இரவல் வாங்கியது. பின்னால் வந்த ஸ்விங் தானே வரைந்தது.

தானே வரைந்தால் எங்கும் ஒரே தோற்றம். வேலை கொடுப்பவருக்கு அதில்தான் விருப்பம். இரண்டு போனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறத்தையும் வளைவையும் ஒப்பிடுவார். பாவிக்கிறவர் கையிலோ ஒரு போன்தான்.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். "அம்மா, கீழ இருக்கிற பச்சைப் பொத்தானை அமத்துங்கோ" என்று ரொறன்ரோவிலிருந்து வழிகாட்டும் மகளுக்கு, இரண்டு திரையும் ஒத்திருப்பது பெரிய உதவி. இங்கே கனபேர் செயலி பழகுவது இப்படித்தான். அதற்கு ஒத்திருக்க வேண்டியவை இடமும் பெயரும் நிறமும் மட்டுமே.

எழுத்துப்பெட்டியின் உள்வேலை வேறு கதை. சிங்களத்தில் வந்த கடிதத்தின் ஒரு வரியைப் பெட்டியில் ஒட்டி, விரலால் அழுத்திப் பிடித்தால், கூகுள் மொழிபெயர்ப்புச் செயலி உள்ள அண்ட்ரொய்டின் சொந்தப் பெட்டி 'மொழிபெயர்' என்ற தெரிவையும் காட்டும். பிளட்டர் வரைந்த பெட்டியில் பல ஆண்டுகளாக வெட்டுவது, ஒட்டுவது போன்றவைதான் இருந்தன. சிங்களக் கடிதங்களோடு மல்லுக்கட்டும் ஊருக்கு இது அலங்காரப் பிரச்சினையல்ல. திரையை வாசித்துச் சொல்லும் டோக்பாக்கும் அப்படியே: நிரலாளர் கையால் வரைந்த பொத்தானுக்குப் பெயர் கொடுக்க மறந்தால், அது ஊமை. பார்வையற்றோருக்கான வாழ்வகம் சுன்னாகத்தில் இயங்க, இதைச் சில்லறைக் குறையென்று ஒதுக்க முடியாது.

கைபேசியும் மாறிக்கொண்டே இருக்கும். 2025 இல் ஐ.ஓ.எஸ். 26 கண்ணாடித் தோற்றத்துக்கு மாறியபோது, ஐபோனின் சொந்தப் பொத்தான்களைப் பாவித்த செயலிகளுக்கு, புதிய கருவிகளில் மறுபடி தொகுத்ததும், புதுக்கோலம் பெரும்பாலும் தானாகவே வந்தது. தானே வரைந்தவை பழைய கோலத்தில் நின்றன.

என்னைக் கேட்டால், பக்க அமைப்பும் நிறமும் கம்பனியுடையதாக இருக்கட்டும். எழுதுவது, தெரிவுசெய்வது, திகதி குறிப்பது, பகிர்வது கைபேசியுடையதாக இருக்கட்டும். பிளட்டரிலேயே இதில் பெரும்பகுதியைச் செய்யலாம். வேலை கூடும், அவ்வளவுதான். 'இரண்டிலும் ஒரே தோற்றம்' என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறவர்கள், பாவிக்கிறவர் தன் கைபேசியில் எழுத்தை ஆகப் பெரிதாக்கினாலும் 'சமர்ப்பிக்கவும்' என்ற சொல் பொத்தானுக்குள் வெட்டுப்படக் கூடாது என்றும் எழுதிக் கேட்கலாம்.